கிங்லேக்குக்குப் போய்ச் சேராத எச்சரிக்கை: 2009 விக்டோரியா காட்டுத்தீ, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை பிற்பகல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகரின் வடகிழக்கு ஓரத்தில் கங்காரு கிரவுண்ட் என்றொரு சிற்றூர். அங்கே தீயணைப்புப் படையின் கட்டுப்பாட்டு அறை ஒன்று, ஆட்களோடும் வரைபடங்களோடும் தயாராக இருந்தது. வடமேற்கே எழுந்த புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அங்கிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. கிங்லேக்கும் அதைச் சுற்றிய மலையூர்களும் ஆபத்தில் இருக்கின்றன என்று எச்சரிக்கையும் எழுதினார்கள். ஆனால் அதை வெளியிடும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. தீ பிறந்த இடம் கில்மோர் கிழக்கு. ஆகவே அந்தத் தீக்குப் பொறுப்பு கில்மோர் கட்டுப்பாட்டு அறை; மக்களுக்கு எதைச் சொல்வது என்றாலும் அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். கில்மோர் அறையிலோ போதிய ஆள் இல்லை.

அன்று மாலை ஆறு மணியை ஒட்டித் தீ கிங்லேக்கில் ஏறியது. கில்மோர் கிழக்குத் தீ ஒன்று மட்டும் 119 உயிர்களைக் கொண்டுபோனது. மேரிஸ்வில் ஊரை அழித்த முரிண்டிண்டி தீயில் 40 பேர், சர்ச்சில் தீயில் 11 பேர், பீச்வொர்த் பக்கம் 2 பேர், பெண்டிகோவில் ஒருவர். மொத்தம் 173 பேர். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின, 4 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் எரிந்தது. ‘கறுப்புச் சனி’ என்று அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இத்தனை பெரிய இழப்புக்குப் பிறகு ஒரு தீயணைப்புப் படை தன்னைத்தானே எப்படி விசாரித்துக்கொள்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். கறுப்புச் சனியைப் பற்றி வந்த அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. தன் ஆட்களைக் காப்பாற்றுவது எப்படி என்று இந்தப் படை பத்து வருடம் முன்னாலேயே பெரிய விலை கொடுத்துக் கற்றிருந்தது. அதே பாடம் ஏன் ஊர் மக்கள் வரை வந்து சேரவில்லை?

காற்று திரும்பும் நேரம்

விக்டோரியாவின் பெருந்தீக்கள் எல்லாவற்றிலும் காற்றின் கதை ஒன்றுதான். கோடையில் உள்நாட்டுப் பாலையிலிருந்து வடமேற்குக் காற்று அனலாக அடிக்கும். தீ அந்தக் காற்றோடு தென்கிழக்கே ஓடும். நீளமாக, ஒடுங்கலாக, தெருவில் விரித்த ஓலைப்பாய் மாதிரி. பிறகு மாலையில் தெற்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். வெயிலில் வெந்த மக்களுக்கு அது ஆறுதல். தீயணைப்பு வீரருக்கு அதுதான் எமன். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, பாயின் நீண்ட விளிம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தள்ளும். அதுவரை பக்கவாட்டில் சோம்பலாக எரிந்துகொண்டிருந்த பல கிலோமீட்டர் நீள ஓரம் சட்டென்று தீயின் முகமாகிவிடும். ‘தீ நம்ம பக்கம் வராது, தள்ளிப் போகுது’ என்று நினைத்திருந்த ஊர்தான் முதலில் மாட்டும்.

1983 பிப்ரவரி 16, ‘சாம்பல் புதன்’ அன்று அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் இரண்டு வண்டிகளில் இருந்த 12 தன்னார்வ வீரர்கள் காற்று திரும்பியபோது இறந்தார்கள். 1998 டிசம்பர் 2 அன்று லிண்டனில் மறுபடியும் அதே கதை. தண்ணீர் நிரப்பப் போய்க்கொண்டிருந்த இரண்டு தீயணைப்பு வண்டிகளைத் தீ மூடியது. ஒரு வண்டியின் ஆட்கள் பிழைத்தார்கள். ஜீலாங் வெஸ்ட் வண்டியில் இருந்த ஐந்து தன்னார்வலர்களும் இறந்தார்கள்.

லிண்டனுக்குப் பிறகு மாநில மரண விசாரணை அதிகாரி நீண்ட விசாரணை நடத்தினார். சி.எஃப்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் கண்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி, 1945 முதல் இயங்கும் கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பு. அந்தக் காலத்தில் அதன் பலமே சுமார் 60,000 தன்னார்வலர்கள்தான். பால்காரர், பள்ளி ஆசிரியர், மெக்கானிக், விவசாயி என்று எல்லாரும் அதில் உண்டு. லிண்டன் அந்த அமைப்பை அடியோடு மாற்றியது. குறைந்தபட்சப் பயிற்சி முடிக்காதவர் காட்டுத்தீ முனைக்குப் போகக் கூடாது. தொட்டித் தண்ணீரை ஒட்ட வடிக்கக் கூடாது. தீ மூடினால் வண்டியைக் காக்க ஒரு பங்கு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். எரிந்த தரைக்கும் எரியாத காட்டுக்கும் நடுவில் நிற்கும் இடத்துக்கு ‘டெட்மேன் ஸோன்’ என்று பெயரிட்டு, பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவர் தலையிலும் அதை ஏற்றினார்கள். காற்று திரும்பப் போகிறது என்றால் ‘ரெட் ஃபிளாக் வார்னிங்’ என்ற சிறப்புச் செய்தி ரேடியோவில் ஒவ்வொரு வண்டிக்கும் போக வேண்டும், வண்டி அதைக் கேட்டதாகத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை. கறுப்புச் சனியன்று பல வண்டிகளைத் தீ மூடிக் கடந்தது. ரெட் ஃபிளாக் செய்தி எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போகவில்லை என்பதையும் கறுப்புச் சனி பற்றிய விசாரணை பதிவு செய்தது. ஆனாலும் தீயோடு போராடிய பணியில் ஒரு வீரர்கூட அன்று தீயில் சாகவில்லை. பத்து நாள் கழித்து, உதவிக்கு வந்திருந்த கான்பெரா வீரர் ஒருவர் மரம் விழுந்து இறந்தது தனித் துயரம்.

சிவப்பு வண்டிக்குள் இருந்தவருக்குக் காற்று எப்போது திரும்பும் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. வீட்டு வாசலில் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அது இல்லை. லிண்டனில் கற்ற பாடத்தைப் படை தன் வேலிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. மெத்தனம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விசாரணையும் தன் முன் கிடந்த உடல்களைப் பார்த்தே கேள்வி கேட்கிறது. லிண்டனில் கிடந்தவை வீரர்களின் உடல்கள்.

தெரியாமல் நடந்ததல்ல

இந்த நிகழ்வில் நெஞ்சை அறுப்பது, வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான். ஜனவரிக் கடைசியில் மெல்பர்னில் மூன்று நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் வெயில். தரையில் கிடந்த சருகும் பட்டையும் வெடிமருந்து போலக் காய்ந்துவிட்டன. மாநில முதல்வர் ஜான் பிரம்பி முந்தின நாளே மாநில வரலாற்றில் மிக மோசமான நாளாக இது அமையக்கூடும் என்று மக்களிடம் சொன்னார். வானிலை ஆய்வு மையம் வெப்பம், காற்று, காற்று திரும்பும் நேரம் எல்லாவற்றையும் நன்றாகவே கணித்திருந்தது. சனியன்று மெல்பர்ன் 46.4 டிகிரியைத் தொட்டது. நகரின் வரலாற்றிலேயே அதிகம். தீ அபாயக் குறியீட்டில் 100 என்ற எண், 71 பேர் இறந்த 1939 ஜனவரி 13ஆம் தேதி ‘கறுப்பு வெள்ளி’யை அளவாக வைத்து அமைத்தது. கறுப்புச் சனியன்று பல இடங்களில் அது 150ஐயும் தாண்டியது.

கில்மோர் கிழக்கில் தீ பிடித்தது முற்பகல் 11.45ஐ ஒட்டி. காரணம், ஒரு மின்கம்பி. இரு மேடுகளுக்கு நடுவே 1,043 மீட்டர் தூரத்துக்குத் தொங்கிய ஒற்றைக் கம்பி, வயது 43. கம்பி கம்பத்தைச் சேரும் இடத்தில், சுருளாக முறுக்கிய பிடிப்புக் கம்பி ஒரு சிறு உலோக வளையத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். அது பள்ளத்தில் உட்காரவில்லை. காற்றில் கம்பி அதிர அதிர, உராய்ந்த இடத்தில் இழை இழையாக அறுந்தது. ஒரு வருடம் முன்பு ஆய்வுக்கு வந்தவர் கண்ணில் அது படவில்லை. சனிக்கிழமை முற்பகலில் கம்பி அறுந்து விழுந்தது. விரல் நுனியளவு பிழை அது.

அங்கிருந்து தீ ஹியூம் நெடுஞ்சாலையைத் தாண்டியது. தைல மரத்தின் பட்டை நாடா நாடாவாக உரிந்து, எரிந்தபடியே பறந்து, தீ முகத்துக்கு வெகு தூரம் முன்னால் போய் விழுந்து புதுத் தீ மூட்டியது. 30 கிலோமீட்டருக்கும் அப்பால்கூடப் பொறி விழுந்ததாகப் பதிவு இருக்கிறது. இப்படிப்பட்ட தீயை வண்டி வைத்து நிறுத்த முடியாது. படையிலும் யாரும் அப்படி நினைக்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வேலை, அதன் வழியில் இருப்பவர்களுக்குச் சொல்வது.

தலைமையகத்தில் ஒரு வரைபடம்

மெல்பர்னில் இருந்த ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையத்தில் அன்று எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தனியார் நிலத்துத் தீக்கு சி.எஃப்.ஏ. அதன் தலைமை அலுவலர் ரஸ்ஸல் ரீஸ். அரசுக் காட்டுத் தீக்கு சுற்றுச்சூழல் துறை. அதன் தலைமைத் தீ அலுவலர் ஈவன் வாலர். மக்களை வெளியேற்றுவதும் ஒட்டுமொத்த ஒருங்கிணைப்பும் காவல் துறையிடம். ‘யார் பொறுப்பு?’ என்று கேட்டால் விரல் மூன்று பக்கம் நீளும்.

அதே கட்டடத்தில் தீ எப்படிப் பரவும் என்று கணிக்கும் நிபுணர் குழு ஒன்று, கெவின் டோல்ஹர்ஸ்ட் தலைமையில் உட்கார்ந்திருந்தது. தீ எங்கே போகும், காற்று திரும்பினால் எந்த ஊர்கள் மாட்டும் என்று அவர்கள் வரைபடம் போட்டார்கள். அந்தப் படத்தில் கிங்லேக் இருந்தது. ஆனால் அது ரீஸின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. சொல்லும் வழக்கமும் கேட்கும் வழக்கமும் இல்லாததால், ஒரே கட்டடத்துக்குள்ளேயே அந்தச் செய்தி தங்கிவிட்டது.

ரீஸும் வாலரும் அந்த நாளின் முக்கியமான விஷயங்களில் திறம்படத் தலைமை தாங்கவில்லை என்று, இந்தத் தீக்களை விசாரிக்க அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் பின்னர் எழுதியது. எச்சரிக்கை கொடுப்பது களத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் வேலை என்று மேலே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். களத்தில் இருந்த கில்மோர் தள்ளாடுவதைப் பார்த்த பிறகாவது கை கொடுத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். காவல் துறைத் தலைமை ஆணையர் கிறிஸ்டின் நிக்சன் அன்று மாலை மையத்தை விட்டு இரவு உணவுக்குப் போனதைப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சத்தத்தில் கில்மோருக்கும் கங்காரு கிரவுண்டுக்கும் நடுவே நின்ற விதிமுறை பலர் கண்ணில் படாமல் போனது. ஒருவர் இருக்கையில் இருந்திருந்தாலும் அந்த விதிமுறை அப்படியேதான் இருந்திருக்கும்.

விசாரித்த விதம்

தீ நடந்து ஒன்பதே நாளில், பிப்ரவரி 16 அன்று, கமிஷன் அமைந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி பெர்னார்ட் டீக். உறுப்பினர்கள் ரான் மெக்லியோட், சூசன் பாஸ்கோ. 155 நாள் விசாரணை, 434 சாட்சிகள். சட்ட அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவர்கள் எரிந்த ஊர்களுக்குப் போனார்கள். 26 கூட்டங்கள் நடத்தி, வக்கீல் இல்லாமல், மக்கள் பேசுவதைக் கேட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஆராய்ச்சியாளர்கள் களத்தில் இறங்கியிருந்தார்கள். புஷ்ஃபயர் கூட்டு ஆராய்ச்சி மையம் சில வாரங்களுக்குள் 600க்கும் மேற்பட்டவர்களை நேரில் கண்டு பேசியது. எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் மாற்றினீர்கள்? இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாதம் போனால் மனிதர் தாம் செய்ததைச் செய்திப் படத்தோடு கலந்து நினைவு வைப்பார்கள். படை வீரர்களிடம் செய்யும் பணி முடிந்த கலந்தாய்விலும் அதே நியதிதான்: உடம்பில் புகை வாடை போவதற்குள் பேசிவிட வேண்டும்.

இந்த விசாரணையில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பகுதி ஒன்று உண்டு. 173 மரணத்தையும் கமிஷன் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. குடும்பத்தார் முன்னிலையில், அவர் எங்கே இருந்தார், என்ன தகவல் அவரை எட்டியது, எந்த அறையில் இருந்தார் என்று வரிசையாக. அதிலிருந்து எழுந்த எண்கள் ஒரு கொள்கையையே சாய்த்தன. 113 பேர் வீடுகளுக்குள் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் 12 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 வயதுக்கு மேற்பட்டவர்கள், அல்லது நோயோ உடற்குறையோ உள்ளவர்கள்.

‘தயாராகு, இருந்து காத்துக்கொள், அல்லது முன்னதாகவே வெளியேறு’ என்பது அதுவரை சி.எஃப்.ஏ. மக்களுக்குச் சொன்ன வார்த்தை. சாதாரணத் தீயில் அது சரியான வார்த்தைதான். திடகாத்திரமான இருவர், தண்ணீர், பம்பு, சுத்தம் செய்த முற்றம் இருந்தால் பல வீடுகளைக் காப்பாற்றவும் முடியும். கமிஷன் அதை முழுதாகத் தூக்கி எறியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எல்லா நாளுக்கும் ஒன்றுபோலப் பேசியது. குறியீடு 150ஐத் தாண்டும் நாளில், மலைச்சரிவில், 75 வயது மூதாட்டி தனியாக இருக்கும் வீட்டுக்கும் அதே வாக்கியம்தான். முன்னதாகவே போ என்றால் எப்போது, எங்கே என்று அது சொல்லவில்லை. மக்கள் புகையைப் பார்த்துக்கொண்டு, ரேடியோவில் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று காத்திருந்தார்கள். பெயர் வரவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நம்பினார்கள். அப்படி நம்புவதில் என்ன தவறு?

அடுத்த கோடைக்கு முன்னால் சிலதாவது மாற வேண்டும் என்பதைக் கமிஷன் மறக்கவில்லை. 2009 ஆகஸ்ட் 17 அன்றே இடைக்கால அறிக்கையில் 51 பரிந்துரைகளைக் கொடுத்தது. நான்கு தொகுதி அழகான இறுதி அறிக்கைக்காகக் காத்திருந்தால் ஒரு கோடை பழைய விதிமுறையோடே போயிருக்கும். அக்டோபரில் தீ அபாய அளவில் ‘கோட் ரெட்’ என்ற புது உச்சப் படி வந்தது: அன்று வீட்டைக் காக்க நிற்காதே, முந்தின இரவே போய்விடு. டிசம்பரில் குறிப்பிட்ட பகுதியின் தொலைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் ‘எமர்ஜென்சி அலர்ட்’ இயங்கத் தொடங்கியது. எச்சரிக்கைகள் மூன்றே படிகளில், சாதாரணச் சொற்களில் வந்தன. ஆபத்து நேரத்தில் யார் பொறுப்பாளர் என்பதைத் தாண்டி, தெரிந்தவர் சொல்லலாம் என்ற நிலையும் வந்தது.

2010 ஜூலை 31 அன்று வந்த இறுதி அறிக்கையில் 67 பரிந்துரைகள். ரீஸ் அதற்கு முன்பே, ஏப்ரலில், பதவி விலகலை அறிவித்திருந்தார். மூன்று விரல் சிக்கலுக்குப் பதிலாக ஒரே தீயணைப்புப் பணி ஆணையர் பதவி உருவாகி, கிரெய்க் லாப்ஸ்லி அதற்கு வந்தார். சொன்னதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க முன்னாள் காவல் ஆணையர் நீல் காம்ரியைக் கண்காணிப்பாளராக அரசு நியமித்தது. அலமாரியில் தூங்கும் அறிக்கைகளைப் பார்த்துச் சலித்தவன் என்ற முறையில், இந்தப் பதவியை மிக முக்கியமானதாக நினைக்கிறேன்.

எல்லாப் பரிந்துரையும் தாக்குப்பிடிக்கவில்லை. ஆண்டுக்கு அரசுக் காட்டில் குறைந்தது 5 சதவீதத்தைத் திட்டமிட்டு எரித்துவிட வேண்டும் என்றது கமிஷன். ஆனால் ஹெக்டேர்க் கணக்கை நிரப்புவதற்காக ஊர்களுக்கு எட்டாத தூரத்துக் காட்டை எரிப்பதால் யாருக்கும் பயனில்லை என்று தெரிந்து, பிறகு அரசு அந்த இலக்கை விட்டு, ஊருக்கு எவ்வளவு ஆபத்து குறைகிறது என்பதை அளக்கும் முறைக்கு மாறியது. பழைய ஒற்றைக் கம்பிகளை மாற்றச் சொன்ன பரிந்துரை செலவு காரணமாகச் சுருங்கி, தரையில் கம்பி விழுந்தவுடன் மின்னோட்டத்தை நொடிக்குள் தணிக்கும் கருவிகளாக உருமாறியது. கில்மோர் கிழக்குத் தீயில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2014இல் 49.4 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமானது. மின் நிறுவனம், பராமரிப்பு நிறுவனம், சி.எஃப்.ஏ. உள்ளிட்ட மாநில அமைப்புகள் என எல்லோரும் அதில் பங்கு கொடுத்தார்கள்.

மல்லக்கூட்டாவில் ஊதிய சங்கு

மாற்றங்களுக்கு உண்மையான சோதனை 2019 டிசம்பரில் விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லேண்ட் பகுதியில் வந்தது. 29ஆம் தேதியே, தீ வெகு தூரத்தில் இருக்கும்போதே, அந்தப் பகுதியில் விடுமுறைக்கு வந்திருந்த சுமார் 30,000 பேரையும் கிளம்பச் சொல்லி அதிகாரிகள் வெளிப்படையாகக் கேட்டார்கள். 2009இல் கிங்லேக்குக்குக் கிடைக்காதது இதுதான்: முன்கூட்டியே, ஊர்ப் பெயரோடு, தயக்கமில்லாமல் ஒரு சொல். அந்தப் பருவத்தில் விக்டோரியாவில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பருவத்தையும் எண்ணால் மட்டும் ஒப்பிடக் கூடாது. காற்றும் மக்கள் நெருக்கமும் வேறு. ஆனாலும் அந்த எச்சரிக்கையில் கிங்லேக்கின் சுவடு தெரிகிறது.

எல்லோரும் கிளம்பவில்லை. மல்லக்கூட்டா என்ற கடற்கரை ஊரில் சுமார் 4,000 பேர் தங்கிவிட்டார்கள். உள்ளே போக ஒரே சாலை, அதுவும் அடைபட்டது. 31ஆம் தேதி காலையில் வானம் இரவு போல இருண்டு, பிறகு சிவந்தது. மக்கள் படகுத் துறையிலும் நீரோரத்திலும் கூடி நின்றார்கள். மின்சாரம் போய்விட்டது. கைபேசித் தொடர்பும் அறுந்தது. பத்து வருடமாகக் கட்டி எழுப்பிய குறுஞ்செய்தி எச்சரிக்கை அந்த நேரத்தில் அவர்கள் கையில் இல்லை. அடுத்த விசாரணைகளில் இந்தக் குறையே திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

காலை எட்டு மணியளவில் அங்கே ஒலித்தது தீயணைப்புச் சங்கு. ஊருக்கு ஊர் சங்கை எச்சரிக்கைக்குப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்று கமிஷன் தன் முதல் அறிக்கையிலேயே கேட்டிருந்தது. சங்கு கேட்டவர்கள் போர்வையை நனைத்துப் போர்த்திக்கொண்டு தண்ணீரை நோக்கி நகர்ந்தார்கள். சற்று நேரத்தில் காற்று திரும்பியது. இந்த முறை அது தீயை ஊரின் ஒரு பக்கத்தோடு தள்ளிக்கொண்டு போனது.